தாயின் உயிரும் வீட்டின் அதிகாரமும்

(ஸ்ரீமுஷ்ணம் தாலூகாக் கூட்டுறவு சங்கங்களின் அங்கத்தினர்களுக்கு)

கூட்டுறவு சங்கங்களின் கணக்கைப் பார்வையிட வரும் இன்ஸ்பெக்டர் ஒருவன் பிரசவத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். கடன், வட்டி, தவணை, விதை, எரு ஆகியவையே அவன் பேசத்தக்க விஷயங்கள் என்று நினைப்பது இயல்பே. ஆயினும் ஒரு சங்கத்தின் மனுக்கட்டில் நான் கண்ட ஒரு தாள், இவ்விஷயத்தைப் பற்றி உங்களிடம் பேசாமலிருக்கலாகாது என்று என்னைத் தூண்டிற்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அச்சங்கத்தின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. நகை ஈட்டுக் கடன் மனுக்களைப் புரட்டிக்கொண்டு வருகையில், முழுதும் பூர்த்தி செய்யப்பெற்றும் தொகை வழங்கப்படாமல் கிடந்த மனு ஒன்று என் கண்ணில் பட்டது. மனுச் செய்தவள் சங்கத்தின் அங்கத்தினளே. ஈடாகக் கொண்டுவந்தது அவளுடைய தாய்வீட்டார் போட்ட சங்கிலி. ஏன் கடன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். “புருஷனை அழைத்து வரச் சொன்னோம், பிறகு அந்த அம்மாள் வரவேயில்லை” என்றார் குமாஸ்தா.

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. புருஷன் திருப்பூரில் வேலையாயிருந்தான். காலிலும் முகத்திலும் வீக்கமும், ஓயாத தலைவலியும் கண்டிருந்தன. சிதம்பரம் சென்று பெரிய டாக்டரிடம் காண்பிப்பதற்காகவே பணம் கேட்டாள். மாமியார், “வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கால் வீங்குவது புதிதா?” என்றிருக்கிறாள். தாய்வீட்டாரோ, இரண்டாம் பிரசவம் புக்ககத்தார் பொறுப்பு, நாம் தலையிட்டால் சம்பந்தி மனஸ்தாபம் வரும் என்று ஒதுங்கியிருக்கின்றனர். நான்காம் நாள் விடியுமுன் வலிப்புக் கண்டது. 108 ஆம்புலன்ஸ் வந்து விருத்தாசலத்திற்கும், அங்கிருந்து அதனினும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டு சென்றார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அவள் நகையின் பேரில் அவள் கடன் பெறப் புருஷன் கையெழுத்து வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை, வழக்கத்தில்தான் இருந்தது. முந்திய வருஷத் தணிக்கையிலேயே அவ்வழக்கத்தை நான் கவனித்தேன். அற்ப விஷயம் என்று கருதிக் குறிப்பு எழுதாமல் விட்டேன். ஆகையால் பிறரைக் குறை கூறுவதற்காக நான் இதை எழுதவில்லை. அக்குறையில் எனக்கும் பங்குண்டு.

நோயும் அதற்கு முந்திய காரணமும்

பிரசவத்தை ஒட்டித் தாய்மார் இறப்பதற்கு வைத்தியர்கள் கூறும் காரணங்கள் சிலவே. பிள்ளை பிறந்தபின் அடங்காத ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம் மிகுந்து வரும் வலிப்பு, விஷக்கிருமிகளால் உண்டாகும் ஜுரம், குழந்தை வெளிவராமல் தடைப்படுதல், முறைகேடாகச் செய்யும் கருச்சிதைவு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றையெல்லாம் அதிகப்படுத்துவது ரத்தசோகை. இவற்றிற்குச் சிகிச்சை உண்டு. அதில் பெரும்பான்மையானது புதிய சிகிச்சையும் அன்று.

இந்தியாவில் முற்காலத்திருந்த நிலைமை பயங்கரமானது. 1943ஆம் வருஷம் நியமிக்கப்பெற்று 1946இல் அறிக்கை சமர்ப்பித்த போர் கமிட்டியார், பிரிட்டிஷ் இந்தியாவில் வருஷந்தோறும் சுமார் 2 லட்சம் ஸ்திரீகள் கர்ப்பம், பிரசவம் காரணமாக இறப்பதாக மதிப்பிட்டார்கள். அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. 2018-20 வருஷங்களின் கணக்குப்படி, உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு இறந்த தாய்மார் இந்தியா முழுவதிலும் 97 பேர். தமிழ்நாட்டில் 54 பேர். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் வைத்திய நிலையங்களிலேயே நடந்திருக்கின்றன. இராப்பகலாய்த் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், ஒவ்வொரு தாயின் மரணத்தையும் காரணம் தேடி விசாரிக்கும் ஏற்பாடும், 2008 முதல் ஓடும் 108 வண்டிகளும் இதற்குப் பெருந்துணை செய்தன.

அப்படியானால் இன்னும் யாது குறை என்று கேட்கலாம். தேடியஸ், மெயின் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1994இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை உண்டு. தாய்மார் இறப்பதற்குக் காரணமான தாமதம் மூன்று வகைப்படும் என்று அவர்கள் காட்டினார்கள். வைத்தியரிடம் போவதென்று தீர்மானிப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்தபின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்பன அவை. பின்னிரண்டும் சர்க்கார் சாலை போட்டும் ஆஸ்பத்திரி கட்டியும் குறைக்கக்கூடியவை. முதல் தாமதமோ நம் வீட்டுத் திண்ணையில் நிகழ்வது. தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது நீள்வதும் குறுகுவதும். அந்த அதிகாரம் சோற்றில், பணத்தில், சொல்லில் எவ்வாறு செயற்படுகிறது என்று முறையே பார்ப்போம்.

சோறு

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்வோர் ஓர் உண்மையை நன்கு அறிவார்கள். மண் பச்சையாயிருக்கையில் விழுந்த நுண்ணிய கீறல் அப்பொழுது கண்ணுக்குத் தெரியாது. சூளையில் வைத்து எரிக்கையில்தான் பாண்டம் பிளக்கும். சூளையின் மேல் குற்றமில்லை. பிரசவமும் அவ்வாறே. பெண் சிறுமியாயிருந்த காலம் முதல் உடம்பில் சேர்ந்த குறை, பிரசவம் என்னும் சூளையில் வெளிப்படுகிறது.

மேற்கூறிய 2019-21 ஆய்வில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேர் ரத்தசோகை உடையவராகக் காணப்பட்டனர். அரிசிக்குப் பஞ்சமில்லாத நாட்டில் ஏறக்குறைய இருவரில் ஒருத்திக்கு ரத்தம் போதவில்லை என்றால், அதற்கு வறுமை மாத்திரம் காரணமாகாது. நம் வீடுகளில் பந்தி எவ்வாறு நடக்கிறதென்று பாருங்கள். முதலில் ஆண்கள், பிறகு குழந்தைகள், பிறகு மாமியார், கடைசியில் மருமகள். மீனின் நடுத்துண்டும், முட்டையும், கெட்டித் தயிரும் பந்தியின் தலையிலேயே தீர்ந்துவிடும். அடியில் தங்கிய குழம்பும் சோறும் அவளுக்கு மிஞ்சும். இதை எவரும் கெட்ட எண்ணத்துடன் செய்வதில்லை; வழக்கம் என்று செய்கிறார்கள். ஆனால் உடம்புக்கு வழக்கம் தெரியாது.

இதனோடு சில தப்பெண்ணங்களும் சேர்கின்றன. அதிகம் உண்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்பது ஒன்று. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாய்ப் பிறக்கும் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. நர்ஸம்மா கொடுக்கும் அம்மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் 180 நாட்களுக்குக் குறையாமல் தினந்தோறும் உட்கொள்ள வேண்டும். காப்பி, டீயுடன் சேர்த்து உண்டால் சத்து உடம்பில் ஒட்டாது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் கடுமையான அபாயம். நல்ல ரத்தமுள்ளவள் தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்கை ரத்தசோகையுள்ளவளால் தாங்க இயலாது.

இளவயது விவாகமும் இவ்வகையைச் சேர்ந்ததே. 1929ஆம் வருஷத்துச் சாரதா சட்டம் பெண்ணின் விவாக வயதை 14 என்று விதித்தது. 1978 முதல் அது 18. இருந்தும் 2019-21 ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் 18 நிரம்புமுன் மணமானவர்கள். வளர்ந்து முடியாத உடம்பில் மற்றொரு உடம்பு வளர வேண்டியிருக்கிறது. அப்பெண்ணுக்கு அவ்வீட்டில் வாய் திறக்கும் தைரியமும் இராது.

பணம்

இரண்டாவது அதிகாரம் பெட்டிச் சாவியைப் பற்றியது. முதல் பிரசவம் தாய்வீட்டுச் செலவு, அடுத்தது புக்ககத்துச் செலவு என்பது நம் பக்கத்து வழக்கம். வளைகாப்பிற்குப் பின் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அனுப்புவதில் நன்மையும் உண்டு. ஓய்வும் தாயின் கையால் உணவும் அவளுக்குக் கிடைக்கின்றன. ஆனால் ஆபத்து நேர்ந்தால், நாம் முந்திச் செலவு செய்வதா, அவர்கள் செய்யட்டுமா என்று இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. அக்காலத்தில் அவள் கையில் ஐந்நூறு ரூபாய் இருந்தால் வண்டி பிடித்துப் போய்விடலாம். அதுவே இராது.

இதை உணர்ந்துதான், சென்னைச் சட்டசபையின் முதல் பெண் அங்கத்தினராயிருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் 1987இல் மகப்பேறு உதவித் திட்டம் ஏற்பட்டது. உதவித்தொகை 2006இல் ரூ. 6,000 ஆகவும், 2011இல் ரூ. 12,000 ஆகவும், 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து ரூ. 18,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. பணம் தாயின் பெயரிலுள்ள கணக்கிற்கே வருகிறது. ஆயினும் பாங்கிக் கார்டும் அதன் ரகசிய எண்ணும் யாரிடம் இருக்கின்றன? பல வீடுகளில் புருஷனிடம். வந்த பணம் பூச்சிமருந்துக்கும் பழைய பாக்கிக்கும் போய்விடுகிறது. கீரைக்கும் முட்டைக்கும் வந்த பணம் அது என்பது யார் நினைவிலும் இருப்பதில்லை.

சொல்

மூன்றாவது, சொல்லும் அதிகாரம். பிரசவத்திற்குப் பின் ரத்தம் அடங்காமல் போகுமாயின், சிகிச்சையில்லாத தாய் சுமார் இரண்டு மணி நேரத்தில் இறந்துபோகலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி, “அவன் வரட்டும், கேட்டுச் செய்வோம்” என்பதிலேயே கழிந்தால் எஞ்சுவது எவ்வளவு? ரத்த அழுத்தம் 140க்கு 90 என்னும் அளவை எட்டினால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். தலைவலி, கண் மங்கல், முக வீக்கம், மேல்வயிற்று வலி ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றை முதலில் உணர்கிறவள் கர்ப்பிணி ஒருத்தியே. அவள் சொல்லுக்கு வீட்டில் மதிப்பில்லாவிடில், உலகத்து வைத்திய சாஸ்திரம் அனைத்தும் வாசலுக்கு வெளியே நிற்கும்.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாயிருக்கிறது. வயது வந்த, சுயநினைவுள்ள ஸ்திரீக்குச் செய்யும் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதமே சம்மதம். அவளுக்குப் பதிலாகத் தாயார் கொடுக்கும் சம்மதம் செல்லாது என்று 2008இல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது ஒரு ஸ்திரீயின் சொந்த சுதந்திரத்தின் பகுதி என்று 2009இல் கூறினார்கள். 1971ஆம் வருஷத்துக் கருக்கலைப்புச் சட்டமும், சட்டம் அனுமதிக்கும் சந்தர்ப்பங்களில், வயது வந்த ஸ்திரீயின் சம்மதம் ஒன்றையே வேண்டுகிறது. புருஷன் கையெழுத்தை வேண்டவில்லை. எனினும் நடைமுறையில் புருஷன் கையெழுத்துக்காகக் காத்து நிற்பது இன்னும் ஒழியவில்லை. நம் சங்கத்துக் குமாஸ்தா செய்ததும் அதுவே.

மேற்படி ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான ஸ்திரீகள் நூற்றுக்குச் சுமார் 38 பேர் புருஷனால் உடலிலோ பலாத்காரமாகவோ துன்பம் அடைந்ததாகத் தெரிவித்திருக்கிறார்கள். அடிக்குப் பயந்தவள் தனக்கு உதிரம் படுகிறதென்று எவ்வாறு வாய்விட்டுச் சொல்வாள்?

மாமியாரை மட்டும் இதற்குப் பொறுப்பாக்குவது நியாயமன்று. அவளும் ஒரு காலத்தில் கடைசிப் பந்தியில் உண்டவள்; சொல்லற்று இருந்தவள். நீண்ட காலம் பொறுத்தபின் கிடைத்த சிறிய அதிகாரத்தை அவள் தனக்குத் தெரிந்த முறையில் செலுத்துகிறாள். அவளையும் உடனழைத்துச் சென்று நர்ஸம்மாவின் முன் உட்காரவைத்தால், அவளே மருமகளுக்குச் சிறந்த காவலாவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

பாரம் யார்மேல்?

ஒரு பிள்ளைக்கும் அடுத்த கர்ப்பத்திற்கும் குறைந்தது இரண்டு வருஷ இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் சொல்கிறார்கள். இடைவெளியை விரும்புகிறவள் பெரும்பாலும் தாய். அதைத் தீர்மானிக்கிறவன் பெரும்பாலும் புருஷன். ஆண் குழந்தை பிறக்கும் வரையில் அவள் தொடர்ந்து பெற வேண்டும் என்னும் எண்ணமும் முற்றும் மறையவில்லை. குழந்தை ஆணாவதும் பெண்ணாவதும் தந்தையின் வித்தைப் பொறுத்தது என்பது விஞ்ஞானம் கண்ட உண்மை. பழியோ தாய்மேல்.

போதுமென்று நிறுத்தும் ஆபரேஷனையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள மணமான ஸ்திரீகளில் நூற்றுக்கு 58 பேர் அதைச் செய்துகொண்டிருப்பதாக 2019-21 ஆய்வு கூறுகிறது. புருஷன் செய்துகொண்ட குடும்பங்கள் ஆயிரத்துக்கு ஒன்று. ஆண்களுக்குச் செய்வதே எளிது; வயிற்றைத் திறக்க வேண்டுவதில்லை; உழைக்கும் பலம் குறைவதுமில்லை. முன்பு நிலைமை இவ்வாறில்லை. சென்னை ராஜ்யத்தில் 1956 முதலே ஆபரேஷனுக்கு உதவித்தொகை கொடுக்கப்பட்டது. 1960களில் இந்தியாவில் பெரும்பாலும் ஆண்களே அதைச் செய்துகொண்டார்கள். 1976-77இல் நாடெங்கும் நடந்த கட்டாயத்தால் ஜனங்களுக்கு வெறுப்பு ஏற்பட்டு, பாரம் முழுவதும் பெண்கள்மேல் சாய்ந்துவிட்டது. கட்டாயம் தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆண்கள் தவிர்த்த பாரத்தை, ரத்தம் குறைந்த உடம்புடையவள்மேல் சுமத்துவதும் நியாயமாகாது.

இலங்கையின் உதாரணம்

வழக்கம் மாறாது என்று சொல்வோர் அண்டையிலுள்ள இலங்கையைப் பார்க்கலாம். 1930களின் தொடக்கத்தில் அங்கே லட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1931இல் ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. 1945இல் இலவசக் கல்வி ஏற்பட்டது. பெண்களும் பள்ளி சென்றார்கள். கிராமந்தோறும் பயிற்சி பெற்ற மருத்துவச்சி வீடுதேடி வந்தாள். 1947க்கும் 1950க்கும் இடையில் மட்டும் தாய் மரணம் பாதியாகக் குறைந்தது. 2010களில் 40க்கும் கீழே இறங்கியது. அந்நாடு அக்காலத்தில் செல்வம் மிக்க நாடன்று. மருத்துவச்சி வந்து சொன்னாள். எழுதப் படிக்கத் தெரிந்த தாய் கேட்டுக்கொண்டாள். அவள் சொல்லை வீட்டார் கேட்டனர். மருந்தும் ஆஸ்பத்திரியும் செய்த நன்மை வீட்டுக்குள் வந்து சேர்ந்தது இவ்வழியாலேயே.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நம் சங்கங்கள் ஆஸ்பத்திரி நடத்த வேண்டுவதில்லை. தம் எல்லைக்குள் செய்யக்கூடியவை பல உண்டு. பஞ்சாயத்தார் அடுத்த கூட்டத்தில் ஆலோசிப்பதற்காகச் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன்.

1. அங்கத்தினளான ஸ்திரீ தன் நகையின் பேரில் கடன் கேட்டால், புருஷன் வர வேண்டும் என்று சொல்லலாகாது. இதைத் தீர்மானமாக எழுதிச் சங்கத்தின் சுவரில் ஒட்ட வேண்டும்.

2. கர்ப்பிணியின் மனுவை அன்றே பைசல் செய்ய வேண்டும். காரியதரிசி ஊரில் இல்லாவிடில் யார் பார்ப்பது என்பதை முன்னதாகவே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்.

3. பொது நன்மை நிதியிலிருந்து, ஆபத்துக் காலத்தில் வண்டிச் செலவுக்குச் சிறு தொகை ஒதுக்கலாம். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் புறப்படத்தக்க ஒரு வண்டிக்காரரின் பெயரும் நம்பரும் சங்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

4. குடும்பத்திற்கு ஒருவர் என்று ஆணை மட்டும் சேர்க்காமல், ஸ்திரீகளையும் அங்கத்தினராகச் சேர்க்க வேண்டும். 1989ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம், அவ்வருஷம் மார்ச்சு 25க்கு முன் மணமாகாதிருந்த இந்துப் பெண்களுக்குக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பாகம் அளித்தது. பட்டாவில் பெண் பெயர் ஏறினால் சங்கத்திலும் ஏறும்.

5. மாதம் ஒரு நாள் நர்ஸம்மாவைச் சங்கத்துக்கு அழைத்து, ஆண்களுக்கும் மாமியார்களுக்கும் சேர்த்துப் பேசச் சொல்லலாம்.

வீட்டில் செய்யத்தக்கது இன்னும் சுலபம். ஏழாம் மாதத்திலேயே, எந்த ஆஸ்பத்திரி, யார் உடன் செல்வது, வண்டி எது, பணம் யார் கையில் என்னும் நான்கையும் கர்ப்பிணியைக் கேட்டே முடிவு செய்யுங்கள். பணத்தை அவள் கையில் கொடுங்கள். “எனக்கு ஏதோ செய்கிறது” என்று அவள் சொன்னால், யாரையும் எதிர்பாராமல் புறப்படலாம் என்பதை வீட்டார் எல்லாரும் கேட்கும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பந்தியில் அவள் முதலில் உட்காரட்டும்.

முடிவுரை

1904ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் கூட்டுறவு சங்கங்கள் தோன்றின. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே இவ்வியக்கத்தின் உயிர். பத்து ஏக்கர் உள்ளவருக்கும், அரை ஏக்கர் உள்ளவருக்கும் மகாசபையில் ஒரே கை. நஷ்டத்தில் பங்குள்ளவனுக்குத் தீர்மானத்திலும் பங்கு வேண்டும் என்பதே இதன் நியாயம். பிரசவத்தில் உயிரையே பங்குத்தொகையாக வைப்பவள் ஒருத்தி. அவ்விஷயத்தில் தீர்மானம் செய்யும் வீட்டுச் சபையில் அவளுக்கு ஒரு வாக்கும் இல்லை என்றால், சங்கத்தில் நாம் கற்றதை வீட்டிற்குக் கொண்டு செல்லவில்லை என்றே பொருள்.

நான் முதலில் சொன்ன சங்கத்தில், அம்மனுவைக் கிழித்தெறியாமல் கட்டிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதன் மேல் அச்சங்கத்துப் பஞ்சாயத்தார், முதலிற் குறிப்பிட்ட தீர்மானத்தை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சென்ற முறை நான் எழுதாமல் விட்ட குறிப்பும் இப்பொழுது அதில் இருக்கிறது. உங்கள் சங்கத்துக்கு நான் அடுத்த முறை வரும்பொழுது, பேரேட்டுடன் அத்தீர்மானப் புஸ்தகத்தையும் காட்டும்படி கேட்பேன்.